அமராவதி நகரில் மாட்டிய மைனர்கள்!

திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "அமராவதி போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "டேமுக்கா, முதலை பார்க்கவா?" என்பார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர், "சைனிக் ஸ்கூல்ல யாராச்சும் படிக்கிறாங்களா?" என்று கேட்பார். நம்ம செட்டு ஆள் என்றால் ஒரே பதில்தான்... "மச்சி, அங்கே மீன் வறுவல் செமயா இருக்கும்டா!" ஈ பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் மட்டும் உங்களை ஒரு மாதிரி ஏற இறங்கப் பார்ப்பார்கள். பரவாயில்லை, சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

வழி சிம்பிள். பல்லடம் தாண்டி குடிமங்கலம் பக்கம் வந்தால் ரெண்டு பக்கமும் காற்றாலைகள் கை வீசும். உடுமலைப்பேட்டையில் இறங்கி அமராவதி நகர் பஸ் பிடித்தால் இன்னும் 25 கிலோமீட்டர் சுமாருக்கு. காலையில் திருப்பூரில் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஓவர்லாக் மெஷின் சத்தம் இங்கே வரும்போது சுத்தமாக நின்றிருக்கும். எதிரே மலை. கீழே தென்னை, கரும்பு, கல்லாபுரம் பக்கம் நெல். நடுநடுவே கல்தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டிய காய்கறிப் பந்தல்கள்.

டேம் 1957இல் கட்டியது. சைனிக் பள்ளி 1962இல் வந்தது, முதலைப் பண்ணை 1976இல். பாம்பாறு, சின்னாறு, தேனாறு என்று மலையிலிருந்து இறங்கும் தண்ணீரெல்லாம் இங்கே சேர்ந்து, தாராபுரம், கரூர் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கிறது. போட்டோ எடுக்க அரை மணி நேரம், மீனுக்கு அரை மணி நேரம். அதற்கு மேல் டேமில் நமக்கு வேலை இல்லை. பந்தலுக்குப் போகலாம், வாங்க.

ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரனுடைய பெரியப்பா, இந்தப் பக்கம்தான் ஒரு ஏக்கரில் பாகல் போட்டிருக்கிறார். அவனுக்குப் பெரியப்பா என்றால் எனக்கும் பெரியப்பாதானே! குனிந்து பந்தலுக்குள் நுழைந்தால் தலைக்கு மேலே பச்சைப் பாகற்காய் வரிசையாகத் தொங்குகிறது. அதற்கு நடுவே, பத்துப் பதினைந்து அடிக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. பக்கவாட்டில் ஓட்டை. உள்ளே தீப்பெட்டி சைஸுக்கு ஒரு மரக்கட்டை. அடியில் ஒரு பிடி செத்த ஈக்கள்.

பெரியப்பா டப்பாவைக் கழற்றி என் உள்ளங்கையில் கொட்டினார். (மீன் சாப்பிட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது!)

"நல்லாப் பாருங்க தம்பி. இதுல பொட்டை ஈ ஒண்ணாச்சும் இருக்குதுங்களா?"

எப்படிக் கண்டுபிடிப்பது? பெண் ஈயின் வால்பக்கம் ஊசி மாதிரி கூராக இருக்கும். அந்த ஊசியால்தான் காயின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். ஆண் ஈக்கு அது கிடையாது. என் கையில் இருந்ததில் ஒன்றுக்குக்கூட ஊசி இல்லை. அத்தனையும் ஆம்பளைங்க. வாசம் பிடித்துக்கொண்டு வந்து மாட்டிய மைனர்கள்!

இந்த வாசம் பிடித்த கதை நம் நாட்டிலேயே தொடங்கியது என்பது தெரியுமா? பீகாரில் பூசா என்று ஒரு ஊர். டெல்லியில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1930கள் வரைக்கும் அங்கேதான் இருந்தது. அங்கே வேலை பார்த்த பூச்சியியல்காரர் ஃபிராங்க் மில்பர்ன் ஹவ்லெட். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கொசுத் தொல்லைக்காக சிட்ரோனெல்லா எண்ணெய் தடவப்போய், கொசுவுக்குப் பதில் ஈக்கள் வந்து மொய்த்திருக்கின்றன. வேறு யாராக இருந்தாலும் ஈயை விரட்டியிருப்பார்கள். ஹவ்லெட் பிடித்துப் பார்த்தார். எல்லாம் பழ ஈ, எல்லாம் ஆண். 1912இல் அதை எழுதி வெளியிட்டார். எண்ணெயில் இருக்கும் எந்தச் சரக்கு இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, 1915இல் மெத்தில் யூஜினாலைக் கைகாட்டினார். நூறு வருஷம் தாண்டியும் உலகம் முழுக்க மாந்தோப்பில் தொங்குவது அதே சரக்குதான்.

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைப்பார்களே, அதில் இருப்பது யூஜினால். அதோடு ஒரு மெத்தில் குரூப்பை ஒட்டவைத்தால் மெத்தில் யூஜினால். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியைப் பார்டரில் பாஸ் பண்ணியவனுக்கே புரிகிற ரியாக்‌ஷன். இயற்கையிலும் இது இருக்கிறது... துளசியில் இருக்கிறது, சரக்கொன்றைப் பூவில் இருக்கிறது. கேரளாவில் துளசியைக் கசக்கி, கொட்டாங்குச்சியில் போட்டுத் தொங்கவிட்டே ஈ பிடிப்பார்கள்.

ஈக்கு எதற்கு இந்த வாசம்? இங்கேதான் நம்ம பசங்க கதை. மா, கொய்யாவைக் கெடுக்கும் கீழைப் பழ ஈயின் ஆண், மெத்தில் யூஜினாலைத் தேடிப் போய்ச் சாப்பிடுகிறது. அது உடம்புக்குள் வேறு சரக்காக மாறி, பின்பக்கச் சுரப்பியில் சேர்கிறது. சாயங்காலம் பெண் ஈயைக் கவர அந்த வாசத்தைத்தான் விடுகிறது. சாப்பிட்ட ஈக்கு ஜோடி சுலபமாகக் கிடைக்கும், சாப்பிடாத ஈக்குக் கஷ்டம். மலேசியாவிலும் ஜப்பானிலும் ஹவாயிலும் இதை விலாவாரியாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, கல்ச்சுரலுக்கு முந்தின நாள் நாம் சென்ட் பாட்டில் கடன் வாங்குகிற அதே மேட்டர்!

இன்னொரு விஷயம். ஊரில் எல்லோரும் இதை ‘இனக்கவர்ச்சிப் பொறி’ என்றே சொல்கிறார்கள். பருத்திக் காட்டில் காய்ப்புழுவுக்கு வைப்பதுதான் அசல் இனக்கவர்ச்சிப் பொறி. அங்கே பெண் அந்துப்பூச்சியின் வாசத்தையே லேபில் செய்து வைப்பார்கள். நீங்கள் போட்டிருக்கும் டீ-ஷர்ட்டின் பஞ்சு விளைந்த வயலில்கூட அப்படி ஒன்று தொங்கியிருக்கலாம். பழ ஈ கேஸ் வேறு. இங்கே வைப்பது பெண்ணின் வாசம் இல்லை, பெண்ணைக் கவர ஆண் பூசிக்கொள்ள நினைக்கும் சென்ட். அக்ரி காலேஜ் நண்பர்கள் வைவாவில் இதைச் சொன்னால் மார்க் நிச்சயம்.

சரி, பெரியப்பா கதைக்கு வருவோம். போன பட்டத்தில் நடந்தது இது. காய் பிஞ்சிலேயே கோணிக்கொண்டு, ஒரு பக்கம் மஞ்சளாகி அழுக ஆரம்பித்திருக்கிறது. பிளந்து பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. "பழ ஈக்கு லூர் குடுங்க" என்று ஒரு கடையில் கேட்டிருக்கிறார். கொடுத்தார்கள். வாங்கி வந்து பந்தல் முழுக்கக் கட்டினார். ஒரே வாரத்தில் டப்பா ரொம்பி வழிகிறது! பெரியப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினாராம்.

"அப்புறம் என்னாச்சு பெரியப்பா?"

"என்னத்தைச் சொல்றது போங்க. டப்பா ரொம்புது, காயும் அழுகுது. பறிச்ச காயில பாதியைக் குழியில கொட்டுனோம்."

காரணம் என்ன தெரியுமா? மாட்டியது வேற ஈ. அவர் வாங்கி வந்தது மெத்தில் யூஜினால். அதற்கு வருவது மா, கொய்யா ஈக்கள். பந்தலுக்கு மேற்கே ஒரு கொய்யாத் தோப்பு இருக்கிறது. அந்தத் தோப்பு மைனர்களெல்லாம் வேலை மெனக்கெட்டுப் பறந்து வந்து இவர் டப்பாவில் விழுந்திருக்கிறார்கள். (இந்த வாசம் 800 மீட்டர் தூரம் வரை இழுக்கும் என்றுகூடக் கணக்குச் சொல்கிறார்கள்.) பாகல், புடலை, பீர்க்கு, பூசணியைக் குத்துவது பூசணி ஈ. அதன் மூக்குக்கு மெத்தில் யூஜினால் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்கு வேண்டியது கியூலூர்.

கியூலூர் 1960வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்கள் லேபில் உருவாக்கிய சரக்கு. ஈரக்காற்று பட்டால் அது உடைந்து, ராஸ்பெர்ரி பழ வாசம் தருகிற கீட்டோனாக மாறும். ராஸ்பெர்ரியைக் கண்ணால்கூடப் பார்த்திராத அமராவதி நகர் ஈக்கு அந்த வாசம் எப்படிப் பிடித்தது என்று கேட்காதீர்கள். பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ரெண்டு கட்டையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால் கடையில் ‘பழ ஈக்கு’ என்று கேட்டால் போதாது. ‘மாவுக்கா, பந்தலுக்கா’ என்பதைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையில் ஒரு பட்டத்து விளைச்சல் போயிருக்கிறது. உங்கள் அப்பாவோ மாமாவோ காய் போட்டிருந்தால், லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாகக் கவரின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் படிக்காமல் விட்டிருக்கலாம், எழுத்து அவ்வளவு பொடி.

இந்தப் பட்டத்தில் பெரியப்பா கியூலூர்தான் கட்டியிருக்கிறார். என் கையில் கொட்டியது அந்த ஈக்கள்தான். பழுப்பு உடம்பு, இறக்கையில் புள்ளியும் பட்டையும். டப்பா முன்னே மாதிரி ரொம்பவில்லை, ஆனால் சரியான ஈ விழுகிறது. பிரச்னை தீர்ந்ததா? பாதிதான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பந்தலில் 100 ஆண், 100 பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 ஆணைப் பிடித்துவிட்டீர்கள். 80 சதவீதம்... நம்ம யூனிவர்சிட்டியில் டிஸ்டிங்ஷன்! ஆனால் மிச்சம் இருக்கும் 20 ஆணும் ஆளுக்கு அஞ்சு ஜோடி தேடிக்கொண்டால் 100 பெண்ணும் முட்டை வைக்கும். இங்கே எண்பது எடுத்தாலும் ஃபெயில்தான். ஏறக்குறைய எல்லா ஆணையும் காலி செய்தால்தான் முட்டை குறையும்.

அப்படிச் செய்து காட்டியும் இருக்கிறார்கள். பசிபிக் கடலில் ரோட்டா என்று ஒரு குட்டித் தீவு. 1960களின் ஆரம்பத்தில் மெத்தில் யூஜினாலும் துளி விஷமும் ஊறவைத்த நார் அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தூவி, கீழைப் பழ ஈயைத் தீவிலிருந்தே ஒழித்துவிட்டார்கள். ஜப்பானின் ஒகினாவா தீவுகளிலும் அதே ஈயை 1986க்குள் இப்படித்தான் விரட்டினார்கள். ஆனால் பூசணி ஈயிடம் இந்த வித்தை மட்டும் பலிக்கவில்லை. கியூலூரின் இழுப்பு அவ்வளவு பலம் கிடையாது. ஒகினாவாவில் கியூலூரால் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, கதிர்வீச்சில் மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, 1993இல்தான் முடித்தார்கள். ரெண்டும் தீவு. சுற்றிலும் கடல். வெளியாள் சுலபமாக உள்ளே வர முடியாது.

அமராவதி நகரைச் சுற்றிக் கடலா இருக்கிறது? ஒரு பக்கம் காடு, மூன்று பக்கம் அடுத்தவர் காடு. (கொங்கு நாட்டில் தோட்டத்தையும் ‘காடு’ என்றுதான் சொல்வோம், கன்ஃப்யூஸ் ஆகாதீர்கள்.) பெரியப்பா 10 டப்பா கட்டி, பக்கத்துப் பந்தல்காரர் ஒன்றும் கட்டாவிட்டால் அங்கே பொரிக்கிற ஈ வாய்க்காலைத் தாண்டி இங்கே வந்துவிடும். அதிலும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்த பெண் ஈ வந்தால் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நேரே காய்க்குப் போய்விடும். பத்துப் பந்தல்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் கட்டினால் கதை வேறு. அதைத்தான் பெரியப்பா இப்போது வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார். ரெண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள். ஒருத்தர், "உன்ற டப்பா ரொம்பின கதைதான் ஊருக்கே தெரியுமே" என்று சிரித்துவிட்டாராம். போன பட்டத்தில் கூட்டிவந்து காட்டியது இப்படி வட்டியோடு திரும்பி வருகிறது, பாவம்!

"அப்போ மருந்தே அடிச்சிட்டுப் போலாமே?" என்று கேட்கத் தோன்றுகிறதா? புழு காய்க்கு உள்ளே இருக்கிறது. மருந்து தோலுக்கு வெளியே. அடித்தும் பெரிதாகப் பலன் இல்லை. அதோடு பாகல் பூ காலையில் விரியும், தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். அந்த நேரத்தில் அடித்தால் தேனீ போச்சு, காயும் போச்சு. இதற்கெல்லாம் மேலே நம்ம மேட்டர் ஒன்று இருக்கிறது. பந்தல் காயை ரெண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பறிக்கிறார்கள். இன்று அடித்தது நாளை மறுநாள் மார்க்கெட்டில். அதற்கு அடுத்த நாள் உங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் கூட்டு! மழை பெய்தால் மிச்ச மருந்து வாய்க்காலில் இறங்கும், வாய்க்கால் ஆற்றில் சேரும். கெமிக்கல் என்று யாராவது சொன்னாலே திருப்பூர்க்காரனுக்கு நொய்யல் ஞாபகம் வரும். 2011இல் ஐகோர்ட் சொல்லிச் சாயப்பட்டறைகளை மூடினார்களே, அந்த நொய்யல். இதே அமராவதியும் கரூர்ப் பக்கம் சாயத்தண்ணி பார்த்த ஆறுதான். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு, ஒரு கட்டைக்குச் சில மில்லி கெமிக்கல், அதுவும் செடியில் படாமல் டப்பாவுக்குள்ளேயே கிடக்கிறது என்பது கொஞ்சம் நிம்மதியான செய்தி.

முழு நிம்மதி என்று சொல்ல மாட்டேன். கட்டையில் ஈயைக் கொல்ல விஷமும் கலந்திருப்பார்கள். வெறுங்கையால் தொடக் கூடாது, தீர்ந்த கட்டையை வாய்க்காலில் வீசக் கூடாது. பழைய ஆட்கள் கருவாட்டுத் தூளை நனைத்துப் பாலிதீன் பையில் போட்டுப் பொறி வைப்பார்கள். வேளாண் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்ததுதான். அதில் ஒரு பெரிய வசதி, பெண் ஈயும் வரும். புரதத்துக்கு ஏங்கி வருகிறது. ஆனால் அதோடு பஞ்சில் நனைத்து வைக்கச் சொன்ன டைகுளோர்வாஸ் மருந்துக்கு 2020 கடைசியோடு நம் நாட்டில் தடை வந்துவிட்டது. நாற்றத்துக்குத் தடை இல்லை. கருவாட்டுப் பொறி தொங்கும் பந்தலில் நின்று பேட்டி எடுத்துப் பாருங்கள், தெரியும்!

‘ஒரு ஈக்கா இத்தனை பில்டப்?’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 2014 மே 1 முதல் ஐரோப்பிய யூனியன் இந்திய மாம்பழத்துக்குக் கதவைச் சாத்தியது. கூடவே பாகல், புடலை, கத்தரி, சேப்பங்கிழங்குக்கும். அதற்கு முந்தின வருஷம் 207 சரக்குகளில் பழ ஈ மாதிரியான பூச்சிகள் இருந்ததாகச் சொன்னார்கள். மாம்பழத் தடை 2015 ஜனவரியில் விலகியது. காய்கறிகள் இன்னும் அதிக நாள் காத்திருந்தன. பனியனில் ஒரு தையல் விட்டுப்போனதற்கு மொத்த ஆர்டரும் ரிஜெக்ட் ஆவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வலி சொல்லாமலே புரியும்.

நம்ம இன்ஜினீயரிங் கோஷ்டிக்கும் இதில் வேலை இருக்கிறது. லூரின் பெரிய வியாதி, வெயிலில் சீக்கிரம் ஆவியாகிவிடுவது. உடுமலை வெயிலும் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், இப்போது தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று அழைக்கப்படும் நிறுவனமும் சேர்ந்து 2013இல் ஒரு வழி சொன்னார்கள். மெத்தில் யூஜினாலை நானோஜெல்லுக்குள் அடைத்துவிட்டார்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், மெள்ள மெள்ள வாசம் விடும். கொய்யாத் தோப்பில் வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு வருஷா வருஷம் லைன் ஃபாலோயர் ரோபோவே செய்து அலுத்துப்போன சீனியர்களே... பந்தலுக்கு வாங்க. விழுந்த ஈயை எண்ணி மெசேஜ் அனுப்பும் ஒரு டப்பா, கம்மி விலையில் செய்ய முடியுமா?

எண்ணுவது அவ்வளவு முக்கியமா என்றால்... ஆமாம். எனக்குத் தெரிந்து, இந்த டப்பாவை வைத்து ஈயை ஒழிப்பதைவிட ஈயை எண்ணுவதுதான் பெரிய பலன். இந்த வாரம் அஞ்சு, அடுத்த வாரம் ஏழு, அதற்கடுத்த வாரம் திடீரென்று நாற்பது என்றால் தோட்டத்தில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். உடனே அழுகின காயைப் பொறுக்கி ரெண்டு அடி ஆழத்தில் புதைக்கலாம், இல்லை பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடலாம். கூட்டுப்புழு மண்ணுக்குள்தான் இருக்கும், அதனால் பந்தலுக்கு அடியில் கொத்திவிடலாம். பெண் ஈக்கு வெல்லக் கரைசல் இரை வைக்கலாம். காலண்டர் பார்த்து வாராவாரம் மருந்து அடிப்பதற்குப் பதில், டப்பாவைப் பார்த்து எப்போது என்று முடிவு செய்யலாம். ஆனால் கட்டுகிறவர்களில் எத்தனை பேர் எண்ணுகிறார்கள்? நான் நுழைந்து பார்த்த பந்தல்களில் ஒன்றே ஒன்றில்தான் கணக்கு இருந்தது.

அதுவும் பெரியப்பா எழுதியது இல்லை. "அவருக்கு டப்பா ரொம்புனாச் சரி. எத்தனைன்னு நாந்தான் எண்ணோணும்" என்கிறார் பெரியம்மா. சமையல்கட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் அட்டை. அதன் பின்பக்கம் பென்சிலால் வியாழக்கிழமை தோறும் ஒரு எண். 14, 11, 9, 12, 31. அந்த 31ஐச் சுற்றி ஒரு வட்டம். அன்றைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து சாயங்காலம் வரை குத்துப்பட்ட காயைப் பறித்துப் புதைத்தார்களாம். அடுத்த வாரம் 17.

நீங்கள் போகிற நாள் வியாழக்கிழமையாக இருந்தால் நல்லது. காலையில் ஏழு மணிக்குள் பந்தலில் இருங்கள். ஈக்களைப் பேப்பரில் கொட்டி, விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவார் பெரியம்மா. பக்கத்தில் உட்கார்ந்தால் பாதியை உங்களிடம் தள்ளிவிடுவார். எண்ணி முடித்த பிறகுதான் காபி!